பத்துக் கட்டிலும் பத்து அறையும்

எங்கள் அலுவலகத்தில் மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்க மாட்டோம், ஐயா. வைத்தால் மேசையில் இருப்பதெல்லாம் பறந்துவிடும். நீங்களும் உங்கள் விசாரணைக் குழுவின் மற்ற இருவரும் முதல் நாள் வந்து உட்கார்ந்தபோது வியர்த்து வழிந்தது. எழுந்து வேகத்தைக் கூட்டலாமா என்று நினைத்தேன், பழக்கம் விடவில்லை. என் தங்கையாக இருந்தால் யோசிக்காமல் கூட்டியிருப்பாள். காகிதங்கள் பறந்தால் சிரித்துக்கொண்டே பொறுக்கியிருப்பாள், நீங்கள் மூவரும் கூடவே குனிந்து பொறுக்கியிருப்பீர்கள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான் அமையும்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது அவளைத்தான். நம் சபையின் முதியோர் இல்லத்தில் எங்கள் அப்பா இறந்த வேளையில், பொறுப்பில் இருந்தவள் தூங்கிவிட்டாள் என்பது புகார். அவளும் ஒப்புக்கொண்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. நேரில் பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால் எழுதித் தருகிறேன்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். பேராயர் வரைக்கும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை எல்லோரும் மேடம் என்பார்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபைகளில் விழும் காணிக்கையில் ஒரு பங்கு தலைமை அலுவலகத்துக்கு வருகிறது. அதைப் பள்ளிகள், மருத்துவமனை, அச்சகம், வாலிபர் ஊழியம், முதியோர் இல்லம் என்று பிரித்துக் கொடுப்பது பகிர்வுக் குழு. நான் அதன் செயலாளர். பணம் என் கைக்கே வராது, அது பொருளாளர் பாடு. யாருக்கு என்ன தேவை என்று பரிந்துரை எழுதுவது மட்டும்தான் என் வேலை. குழு அதை மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மாத நிதி: சம்பளம், மருந்து, சாப்பாடு. இன்னொன்று கட்டட நிதி. கட்டட நிதி வாங்கிய ஊழியத்துக்கு அடுத்த இரண்டு வருடம் மாத நிதி கிடையாது, அக்கம்பக்கத்துச் சபைகளின் தயவில் சொந்தக் காலில் நிற்க வேண்டும். முன்பு சிலர் இரண்டு கையாலும் வாரிக்கொண்டதால் வந்த விதி. நியாயமான விதி. வரைவு எழுதியதும் நான்தான்.

சின்னவள் நர்ஸ். அவளுடைய இல்லம் வாடகைக்கு எடுத்த பழைய கிடங்கு ஒன்றில் நடந்தது. ஒரே நீளக் கூடம், வரிசையாகப் பத்துக் கட்டில், கோடியில் அவளுடைய கட்டில். யார் இருமினாலும் எல்லோருக்கும் கேட்கும். யாராவது இருமாமல் இருந்தால் அவளுக்குக் கேட்கும். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

நர்ஸ் படிப்புக்கு முதலில் இடம் கிடைத்தது எனக்கு. அம்மா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. "நீ போயிட்டா வீட்டை யாரும்மா பாக்கறது?" என்றார் அப்பா. போகவில்லை. நான்கு வருடம் கழித்து அவளுக்கு இடம் வந்தபோது, "அவ போகட்டும், அதான் நீ இருக்கியே" என்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது என்பதால் சொல்கிறேன்.

பிற்காலத்தில் அப்பாவுக்கு நினைவு மங்க ஆரம்பித்தது. ஆறு வருடம் நான் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டும்போது எப்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், முதுகில் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை. பிறகு சின்னவள் வந்து, "அக்கா, நீ ஆபீசுக்கும் ஓடி இவரையும் பாத்து உடம்பக் கெடுத்துக்காத. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ஒரே மாதத்தில் அப்பா சதை போட்டுவிட்டார். நான் பார்க்கப் போன முதல் ஞாயிறு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், ஆபீஸ்லேர்ந்து வரீங்களா?" என்று கேட்டார். சின்னவள் உள்ளே வந்ததும் முகம் மலர்ந்தது. "இது என் பொண்ணு" என்று எனக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பா, இது யாருன்னு நல்லாப் பாருங்க" என்றாள். அவர் பார்த்தார். "ரொம்ப நல்ல மேடம்" என்றார்.

அந்த வருடம்தான் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். ராத்திரிக்கு ஒரு உதவியாள் இருந்தாள், இன்னொரு ஆள் வேண்டும் என்றாள்.

"வேற எதுவும் வேணாம்க்கா. ஒரே ஒரு ஆள். நீ எழுதினா குடுத்துடுவாங்க."

"சொந்தத் தங்கச்சிக்கு எழுதறேன்னு பேசுவாங்கடி."

"பேசட்டுமே. நீ நாலு வரி எழுதினா நான் நாலு மணி நேரம் தூங்குவேன்."

நான் நாலு வரி எழுதவில்லை. பதினோரு பக்கம் எழுதினேன். கிடங்கில் ஒழுகும் கூரை, ஒரே கழிப்பறை, மறைப்பில்லாமல் உடை மாற்ற வேண்டிய பெரியவர்கள், இவர்களுக்குத் தேவை ஒரு ஆள் அல்ல, ஒரு வீடு என்று எழுதினேன். இரண்டு மாடி, தனித்தனியாகப் பத்து அறை, ஒவ்வொன்றுக்கும் கதவு. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. கூட்டத்தில் படித்து முடித்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் பொருளாளருக்குத் தராசு என்று பட்டப்பெயர். யார் கடைசியாகப் பேசினார்களோ அந்தப் பக்கம் சாய்வார் என்பதால் வந்தது. அவர் சொன்னார்: "இத்தனை வருஷமா தங்கச்சிக்குக் கிள்ளிக் குடுத்த கை, இன்னைக்கு அள்ளிக் குடுக்குது. தள்ளுபடி சீசன் போல!"

எல்லோரும் சிரித்தார்கள். மாத நிதி நின்றுவிடும் என்பதை இரண்டாம் இணைப்பில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். இணைப்புகளை யாரும் படிப்பதில்லை என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

சம்மதக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு பாட்டிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, இவ்ளோ தடிமனா? நான் கேட்டது ஒரு ஆள்தானே?"

"அத விடப் பெருசா வாங்கித் தந்திருக்கேன்."

"நீ படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

"அப்ப சரி" என்றவள், நகவெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சின்ன வயதில் அவளுடைய மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக நான் போட்டுக் கொடுப்பேன். அந்த ஞாபகம் வந்தது.

கட்டடம் நன்றாகவே வந்தது. நன்கொடையாளர்கள் அறைக்கு ஒருவராகப் பெயர்ப்பலகை வைத்தார்கள். திறப்பு விழாவில் அவள் தாள் இல்லாமல் பேசினாள். எப்போதும் அப்படித்தான். நான் தாள் வைத்துப் பேசினால் சபையில் செருமல் சத்தம் கேட்கும், அவள் பேசினால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். கடைசியில் இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இதெல்லாம் எங்க அக்கா பண்ணினது. நான் ஒண்ணுமே பண்ணல." கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று அவளுக்குத்தான் தட்டினார்கள்.

அடுத்த மாதம் நிதி போகவில்லை. அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அக்கா, இந்த மாசம் இன்னும் வரலையே?"

"வராது. ரெண்டு வருஷத்துக்கு. கையெழுத்துப் போட்டிருக்கியே."

"நீ சொல்லவே இல்லையேக்கா."

"நீ கேக்கலையே."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒருமுறையாவது எல்லோர் முன்னாலும் கத்துவாள், அவளும் மனுஷிதான் என்று தராசும் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவள் என் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, உனக்கும் எவ்வளவோ வேலை, மறந்திருப்ப" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவசர நிதி என்று ஒன்று உண்டு. அதற்கு என் பரிந்துரை வேண்டும். அவள் இரண்டு முறை விண்ணப்பித்தாள். புதுக் கட்டடம் கிடைத்த ஊழியத்தை அவசரம் என்று சொல்வது மற்ற ஊழியங்களுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குப் பட்டது. அக்கம்பக்கத்துச் சபைகளும், அதான் பெரிய கட்டடமே கிடைத்துவிட்டதே என்று கையை விரித்துவிட்டன. ராத்திரிக்கு இருந்த உதவியாளையும் அவள் அனுப்ப வேண்டியதாயிற்று. சமையலம்மா மட்டும் அரைச் சம்பளத்தில் தங்கிக்கொண்டார்.

பத்துக் கதவுக்கு ஒருத்தி. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டில்களைக் கீழே இழுத்து வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் பழையபடி வரிசையாகப் போட்டுவிட்டாள். நான் ஆய்வுக்குப் போனபோது பத்துப் பேரும் ஒன்றாகப் படுத்து ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நடுவில். அவர்களை அறைகளுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான். அறைகளில் நன்கொடையாளர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது, வந்து பார்க்கிறவர்களுக்குக் காலி அறையைக் காட்ட முடியுமா? அவள் வாதாடவில்லை. அன்று மாலையே ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டில்களை மேலே ஏற்றினாள்.

இரண்டு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் அறையில் இறந்து கிடந்தார். காலையில்தான் தெரிந்தது. அவள் உடைந்து போனாள். அதற்குப் பிறகாவது சபையார் அவளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பூங்கொத்து அனுப்பினார்கள். தபால்காரரின் மகன் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவ நீங்க பாத்த மாதிரி நாங்க பாக்கல" என்று அழுதார். ஆறு வருடம் என் அப்பாவைப் பார்த்த என்னிடம் ஒருவரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி நீங்கள் விசாரிக்கும் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மத்தியானம் போனேன். சமையலம்மா வீட்டுக்குப் போயிருந்தார். சின்னவள் மாடிப்படியின் அடியில், கைப்பிடிக் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி மடித்த துவைத்த துணிகள். எத்தனை ராத்திரி விழித்தாளோ. எழுப்ப மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி மேலே ஏறினேன்.

அப்பா தலையணையிலிருந்து சரிந்து கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிய அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே தெரியும். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"மேடம்," என்றார், "சின்னவளக் கூப்பிடுங்க."

"நான் பெரியவப்பா."

"சின்னவளக் கூப்பிடுங்க."

கட்டிலோரத்தில் அழைப்பு மணி ஒன்று இருந்தது. அடித்தால் கீழே கேட்கும். அவர் கை அதைத் தேடியது. மணியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். "நான் யாருப்பா?" என்று கேட்டேன். அதட்டவில்லை. பொறுமையாகத்தான் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். பெரியவளே என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும், அடுத்த நொடி நிமிர்த்தி உட்கார வைத்திருப்பேன். என் கை அவர் முதுகுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவருக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தேன் என்று என் மனசாட்சி அறிய எழுதுகிறேன். அவர் கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணியை இருந்த இடத்தில் வைத்தேன். அவர் கண்ணை மூடிவிட்டேன், போர்வையைச் சரி செய்தேன். இறங்கும்போதும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். மடியிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்திருந்தது. அதை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனேன்.

அடக்கத்தன்று அவள் என் மடியில் தலை வைத்து, "அக்கா, கடைசியா அப்பா என்னக் கூப்பிட்டிருப்பாரா?" என்று கேட்டாள். "தூக்கத்துலயே போயிருப்பாருடி" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அவள் 'நான்தான் கொன்னுட்டேன்' என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவர்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தராசு அழுதார். பேராயர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். மன்னித்துவிடும்படி சபைகள் உங்களுக்கு எழுதியிருப்பதும் எனக்குத் தெரியும். நீங்களும் மன்னித்துவிடுவீர்கள்.

அநீதியாக ஒருத்தி மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் இதை எழுதினேன். ஆயுள் முழுக்கப் பிறருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவள், எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அப்பாவின் கடைசி நேரத்தில் அவர் கூடவே இருந்தவள் நான். அவளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. உங்கள் அறிக்கையில் தயவுசெய்து அதை அவள் பெயரில் எழுதிவிடாதீர்கள்.