கீழ் ஹோஸின் ஸ்பிரிங்

என் பெயரும் தந்தை பெயரும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தொன்பது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். என் முகவரி, புகார் கொடுத்தவரின் முகவரியேதான். அவர் என் கணவர்.

புகாரில் கண்ட கார், பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் கிட் கார். அதில் இருக்கைகள் இரண்டு. எங்கள் வீட்டில் நானும் கணவரும் மகளுமாக மூன்று பேர். இதை நான் ஆரம்பத்திலேயே சுட்டிக்காட்டினேன். “ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்” என்றார். அந்தப் பெட்டிகளில் இஞ்சின் வராது என்பதால், என் அப்பா எனக்குக் கொடுத்த நான்கு கதவுக் காரைப் பிரித்து அதன் இஞ்சினை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன்.

புதுக் காரில் ரேடியேட்டர் வேறு இடத்தில் இருந்ததால், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போய்வரும் பழைய ஹோஸ்கள் எட்டவில்லை. இப்படிப்பட்ட காருக்கென்று யாரும் ஹோஸ் செய்து விற்பதில்லை. இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஹோஸ் போக வேண்டிய வழியில் ஒரு கம்பியை வளைத்து, அதைக் கடைக்குக் கொண்டுபோய், மற்ற வண்டிகளின் ஹோஸ்களோடு ஒட்டிப் பார்த்து வாங்க வேண்டும். “எந்த வண்டிக்கு?” என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்பது தனக்கு மரியாதைக் குறைவு என்று கணவர் என்னை அனுப்பினார். கடைக்காரர் கேட்டார். “இந்தக் கம்பிக்குத்தான்” என்றேன். வளைந்த கம்பியோடு பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்கு யாரும் உட்கார இடம் தருவதில்லை. தள்ளி மட்டும் நிற்பார்கள்.

முதலில் ஒரு வேனின் கறுப்பு ரப்பர் ஹோஸ் கம்பியோடு அப்படியே பொருந்தியது. கணவர் மாட்டிப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு, முன்பக்கம் எடுப்பாக இல்லை என்று ரேடியேட்டரை இரண்டு விரல் தள்ளி வைத்துவிட்டு வேறு கம்பி வளைத்துக் கொடுத்தார். அடுத்து ஒரு சின்ன லாரியின் ஹோஸ் பொருந்தியது. ரேடியேட்டர் மறுபடி நகர்ந்தது. கார் முடிந்துவிட்டால் அவர் மாலை நேரத்தில் வீட்டுக்குள் எங்களோடு உட்கார வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அதன் பிறகு அவருடைய நண்பர், எல்லோரும் டர்போ என்று கூப்பிடுபவர், நீல நிற சிலிகான் ஹோஸ்தான் பார்க்க அழகு என்று சொன்னார். அதைக் கணவர் தானே போய் வாங்கி வந்தார். கையால் அழுத்தினால் அமுங்கியது. ரேடியேட்டரிலிருந்து கீழ் ஹோஸ் வழியாகத்தான் இஞ்சினில் உள்ள பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது. நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. மெலிந்த குழாய் என்றால் உறிஞ்சும்போது உட்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். என் அப்பா கொடுத்த காரின் கீழ் ஹோஸுக்குள் அப்படி ஒட்டாமலிருக்க ஒரு ஸ்பிரிங் இருந்தது. அதை எடுத்துத் தேய்த்துக் கழுவி நீல ஹோஸுக்குள் செருகிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரும் டர்போவும் ஹோஸை மாட்ட எடுத்தார்கள். டர்போ உள்ளே எட்டிப் பார்த்து, “அண்ணி காருக்கும் பல்லுக்குப் போடுற கம்பி போட்டிருக்காங்கடா” என்றார். இருவரும் சிரித்தார்கள். துரு இறங்கினால் நீலம் கெட்டுவிடும் என்று கணவர் ஸ்பிரிங்கை உருவி, பக்கத்தில் நின்ற எங்கள் மகளிடம், “இந்தாம்மா, உனக்கு வளையல்” என்று கொடுத்தார். அவளுக்கு ஏழு வயது. முழங்கை வரை மாட்டிக்கொண்டாள். நான், “என்னங்க, நிக்கும்போது ஒண்ணும் தெரியாது, ஓடும்போதுதான் ஒட்டும்” என்றேன். “நீ பல்லைப் பாரு” என்றார்.

முதல் ஓட்டத்துக்கு இரண்டாவது இருக்கையில் டர்போ ஏறினார். மகள் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மேம்பாலத்தில் ஏறும்போது இஞ்சின் கொதித்து, வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு டர்போ கைக்குட்டையைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில் கையும் கழுத்தும் வெந்தன. வண்டியைப் பார்த்த மெக்கானிக் கீழ் ஹோஸில் ஸ்பிரிங் இல்லை என்று சொன்னதும், இருக்கை கிடைக்காத ஆத்திரத்தில் நான்தான் கழற்றிவிட்டேன் என்று கணவர் புகார் கொடுத்திருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் டர்போவைப் பார்த்தேன். “அண்ணி, அன்னைக்கு நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல” என்றார். மருத்துவச் சான்றிதழில் கையும் கழுத்தும் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளன.

ஸ்பிரிங் இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டார். மகளின் கையில். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அவள் கேட்காமலே அவளுடைய அப்பா கொடுத்த பொருள் அது ஒன்றுதான். அப்படியானால் மகளை அழைத்து விசாரிக்காமல் என் பேச்சை ஏற்க முடியாது என்று அதிகாரி கூறினார். அவளைக் கேட்க வேண்டாம் என்றேன். கேட்டே ஆக வேண்டும் என்றார். ஸ்பிரிங்கைக் கழற்றியது நான்தான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர மேலே உள்ளதெல்லாம் உண்மை. அந்த வரிக்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)