நெட்டுக்குப்பத்துக் கடைவாய்ப் பற்கள்

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் இலவசப் பல் மருத்துவ முகாம் நடந்தது. வெயில் அதிகம் என்பதால் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தோம்.

நான் பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியன் என்பது உங்களுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர். பல்லை அடைக்கும் பொருள்கள் நாளாக ஆக எப்படி வலுவிழக்கின்றன என்பது என் ஆய்வு. ஆய்வுக்கூடத்தில் அவற்றைச் சூடான நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாறி மாறி முக்கி, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்போம். தண்ணீர் மெல்லுவதில்லை. அதனால் அந்த முடிவுகளை நான் நம்பியதில்லை.

நெட்டுக்குப்பத்தில் வலை பின்னுகிறவர்கள் நைலான் நூலைக் கடைவாயில் கவ்வித்தான் முடிச்சை இறுக்குவார்கள். பக்கத்திலேயே கத்தி கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் அறுப்பார்கள். மற்றவர் வாயில் பத்து ஆண்டுகளில் வரும் தேய்மானம் இவர்களிடம் ஓராண்டில் கிடைத்துவிடும்.

அன்று சிலருடைய கடைவாய்ப் பற்களைக் குடைந்து அடைத்தேன். அவற்றில் சொத்தை இல்லை. ஓராண்டு கழித்துப் பிடுங்கி, நசுக்கிப் பார்ப்பது திட்டம்.

டெரிக் என்பவர் மட்டும் சிரித்தார். "இன்னா டாக்டரே, வலிக்கிற பல்ல வுட்டுட்டு நல்லா கீற பல்ல நோண்டுற?"

உள்ளே சொத்தை என்றேன். நம்பினார்.

ஓராண்டு முடிய இரண்டு வாரம் இருந்தபோது, அவரை மனைவி மகிமா ராயபுரத்தில் உள்ள என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். தாடை வீங்கியிருந்தது.

"நூலக் கடிக்க முடில டாக்டரே. வலைய எப்டி பின்றது?"

"இந்தாளு வாய மூடிகினு கீறது எனக்கு நிம்மதிதான் சார்," என்றார் மகிமா. "ஆனா கஞ்சிகூட எறங்கல. புடுங்கிடுங்க."

அடைத்த பொருள் ஓரத்தில் விட்டுப்போய், அடியில் சீழ் கட்டியிருந்தது. அன்றே பிடுங்கியிருக்க வேண்டும். ஆனால் அதிகம் கடித்த வாய் அவருடையது. ஓராண்டு நிறையாத பல் ஒப்பீட்டுக்கு உதவாது. மாத்திரை கொடுத்து, ஈஸ்டர் கழியட்டும், எடுத்துவிடலாம் என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்."

வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்தது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் அரசு மருத்துவமனையில் டெரிக் இறந்தார்.

அடக்கத்துக்குப் போனேன். மகிமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் சார் காசு வாங்காம பாத்தீங்க" என்று அழுதார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆனாலும் வேலையைப் பாதியில் விட்டால் அவருடைய மரணம் வீணாகிவிடும் என்று நினைத்தேன். ஈஸ்டர் கழிந்து மற்றவர்களை வரச்சொன்னேன். வேர்வரை கெட்டுவிட்டது என்று சொல்லிப் பற்களைப் பிடுங்கினேன். மரத்துப்போகும் ஊசியைத் தாராளமாகப் போட்டேன்; ஒருவருக்கும் வலிக்கவில்லை. ஆய்வறிக்கையில் டெரிக்கை, தொடர்ந்து வராதவர் என்று சேர்த்தேன்.