விவரம் தெரிந்தவன்

டீயில் சர்க்கரை தூக்கல். பரவாயில்லை இன்ஸ்பெக்டர் ஐயா, வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எல்லாக் கடையிலும் இந்தக் கூத்துதான். என் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி போடும் சுக்குமல்லிக் காப்பியைக் குடித்த வாய்க்கு இதெல்லாம் இறங்காது. போன மாதம் அவள் செத்தபோது நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். விவரம் தெரியாமல் நடந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, சாப்பிட்டுவிட்டே எழுதுங்கள்.

என் பெயர் தவசி என்பது உங்களுக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு கொஞ்சம் கிடக்கிறது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் புழுதி. மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் சீசன் வேலைக்காரர்கள். பனிக்காலத்துக்குச் சிறுமலை அடிவாரத்தில் டென்ட் கேம்ப், கோடை பிறந்தால் அதே முதலாளியம்மாவின் கொடைக்கானல் கேம்ப். ரோகிணி மேடம் ஜோடியாக வந்தால்தான் வேலை கொடுப்பார். தனி ஆம்பளை நின்றால் தங்க வருகிற பெண்கள் கூச்சப்படுவார்கள், தனிப் பொம்பளையை அந்தக் காட்டில் விட முடியாது. அதனால் புருஷன் பெண்டாட்டியாகத்தான் எடுப்பது. அவள் சமையல், நான் டென்ட்டும் தீயும்.

ஊரில் நான் தெருவில் நடந்தால் நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. கேம்ப்பில் அப்படி இல்லை ஐயா. கார் வந்து நின்றதும் நாங்கள் இருவரும் வாசலில் காப்பித் தட்டோடு நிற்போம். வருகிறவர்கள் எங்களை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். "அண்ணே, உங்க ரெண்டு பேர மாதிரி வாழணும்ணே" என்று ஒரு பெண் கண்கலங்கிச் சொன்னாள். கல்யாணமாகி நாலு நாள்கூட ஆகாத பெண். அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் விறகு பிளப்பேன்.

சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்துப் பாதுகாப்பு விஷயங்களை நான்தான் சொல்லுவேன். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தீக்குழியைத் தாண்டாதீர்கள், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கரியடுப்பைக் காட்டுவேன். "இத மட்டும் டென்ட்டுக்குள்ள கொண்டு போயிராதீங்க. விறகுன்னா பொகை வரும், கண்ணு எரியும், எந்திரிச்சு ஓடிருவீங்க. கனிஞ்ச கரிக்கு வாடையே இருக்காது. அசந்து தூங்குனா அம்புட்டுத்தான்." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை விட்டுத் தள்ளி உட்காருவார்கள். பாண்டீஸ்வரி எனக்குப் பின்னால் நின்று ஆமாம் என்று தலையாட்டுவாள். நான் அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு விருந்தாளிக்குத் தலைவலிகூட வந்ததில்லை. மேடத்தையே கேட்டுப் பாருங்கள்.

முந்தின சீசனில் பாண்டீஸ்வரி உண்டானாள். மேடம் நல்ல மனுஷி, கோபிக்கவில்லை. பிள்ளை பெற்று, அது நடக்கத் தொடங்கிய பிறகு வாருங்கள், அதுவரைக்கும் வேறு ஜோடியைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். வேறு ஜோடி வந்தால் அவர்கள்தான் ஜோடி. திரும்பிப் போய் எங்கே நிற்பது? யோசித்துப் பாருங்கள். நான் மதுரைக்குப் போய், தெரிந்த ஆளிடம் மாத்திரை வாங்கிவந்து அவள் காப்பியில் கலந்து கொடுத்தேன். சுக்குக் காரத்தில் கசப்பு தெரியவில்லை. இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் கேனைத் தூக்கியதால்தான் கலைந்துவிட்டது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் மாமா கொன்னுட்டேன், என்னைய மன்னிச்சிரு" என்று அழுதாள். நான் மன்னித்துவிட்டேன். வேறு ஆம்பளையாக இருந்தால் அடித்திருப்பான்.

அதற்குப் பிறகு அவள் வேலையில் இன்னும் சுத்தம். குறையே சொல்ல முடியாது. ஆனால் போட்டோ எடுக்கும்போது சிரிக்க மறந்துவிடுவாள். நான் இடுப்பில் லேசாகக் கிள்ளி ஞாபகப்படுத்துவேன்.

இந்த சீசனில் மறுபடியும் உண்டானாள். மேடத்திடம் சொல்லவில்லை. பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற அக்கா சோலையம்மாளிடம் மட்டும் போனில் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து நேருக்கு நேராக நின்றாள். "இந்தத் தடவ நான் ஒரு கேனும் தூக்க மாட்டேன் மாமா. பொங்கலுக்கு முன்னாடி அக்கா வந்து கூட்டிட்டுப் போகுது. நான் போறேன். எனக்கு இந்தப் புள்ள வேணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் வா மாமா. பழங்காநத்தத்துல ஏதாச்சும் கடையில வேலை பார்ப்போம்" என்றாள். கடையில் சாமான் தூக்குகிறவனை யார் போட்டோ எடுப்பார்கள்? அவளுக்கு அது புரியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வயிற்றில் பிள்ளை இருந்தால் பொம்பளைக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

கேன் எல்லாவற்றையும் நானே தூக்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காப்பியில் கலக்கலாம் என்றால் இந்த முறை காப்பி வாடையே அவளுக்கு ஆகவில்லை. கஞ்சியும் ஊறுகாயுமாகத் தானே எடுத்துப்போட்டுத் தின்றாள்.

அக்கா வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் நல்ல மழை. மார்கழியில் அப்படியொரு மழையை நான் பார்த்ததில்லை. விருந்தாளிகள் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். மேடம் மதுரையில் இருந்தார். எங்கள் ஓட்டுக் கொட்டகை ஒழுகியதால் கடைசி டென்ட்டில் அவளைப் படுக்கவைத்தேன். காய்ச்சல் அடித்தது. மத்தியானம் கஞ்சி கொடுத்தபோது பல் கிட்டித்து நடுங்கினாள். "குளுருது மாமா, எலும்புக்குள்ள குளுருது" என்றாள்.

கட்டின மனைவி குளிருகிறது என்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்? கரியைப் பதமாகக் கனியவைத்து, சாம்பலை ஊதிவிட்டு, அடுப்பைக் கொண்டுபோய் அவள் கால்மாட்டில் வைத்தேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "உள்ள வைக்கக் கூடாதுன்னு நீதான மாமா சொல்லுவ." "நாம என்ன கெஸ்ட்டா? நான் வெளிய தான இருக்கேன். கொஞ்சம் சூடு ஏறட்டும், எடுத்துர்றேன்." "சரி மாமா" என்று கையை அடுப்புப் பக்கம் நீட்டினாள். ரொம்ப நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள் ஐயா. பொய் சொல்லவில்லை.

எங்கள் டென்ட்டுக்கு இரண்டு சுவர். உள்ளே கொசுவலை, வெளியே தார்ப்பாய் மாதிரி கனத்த சீலை. படுத்திருக்கிறவள் கண்ணுக்கு வலை வாசல்தான் தெரியும், வெளிச்சீலையின் ஜிப் பக்கவாட்டில் மறைந்துவிடும். வலையை நன்றாகத் திறந்து சுருட்டிக் கட்டினேன். வெளிச்சீலையின் ஜிப்பைத் தரை வரைக்கும் இழுத்து மூடினேன். அடியில் காற்றுப் போகும் இடத்தில் ஈரச் சாக்கைப் போட்டேன். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க அப்படித்தான் போடுவது, அது வழக்கம்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டிவிட்டேன். மழை விட்டதும் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன், ஜிப் உட்பட. அப்புறம்தான் சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டேன்.

நீங்களும் வந்தீர்கள். நன்றாகத்தான் நடந்துகொண்டீர்கள். சோலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "ஒன்னுந் தெரியாத மனுசன், குளுருதேன்னு பாசத்துல வச்சிருச்சே" என்று ஊரெல்லாம் சொன்னது. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் காரியம் ஆகும் வரைக்கும் பேசாமல் இருந்தேன். மேடம் இரக்கப்பட்டு என்னைத் தனியாகவே வைத்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை. பெண்டாட்டியை இழந்த அண்ணன் என்றால் விருந்தாளிகளும் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள்தானே.

காரியம் முடிந்து இன்று காலை கேம்ப்புக்குப் போனேன். வாசலில் காப்பித் தட்டோடு செல்வக்குமார் என்று ஒரு பையன், பக்கத்தில் அவன் பெண்டாட்டி. எங்கள் தட்டு ஐயா அது. மேடம் என்னைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கரியடுப்பைத் தொட்டுக் காட்டி, "இதுல ரொம்பக் கவனமா இருக்கணும். முன்னாடி இருந்த அண்ணனுக்கு விவரம் பத்தாது, பாவம். உள்ள வச்சுட்டாரு" என்றார். அந்தப் பையன் உச்சுக்கொட்டினான். அவன் பெண்டாட்டி, "அடப் பாவமே, இதுகூடவா தெரியாது?" என்றாள்.

இனி வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும், சாயங்காலம் சாயங்காலம், அதைத்தான் சொல்லுவார்கள். விவரம் இல்லாத ஒருத்தன் இங்கே இருந்தான் என்று. அங்கிருந்து நேராக இங்கேதான் நடந்து வந்தேன். தூக்கு என்றாலும் சரி, ஆயுள் என்றாலும் சரி, எனக்கு அது பெரிதில்லை. விபத்து என்று எழுதியதை அடித்துவிட்டு, தெரிந்துதான் செய்தான், எல்லாம் தெரிந்த ஆள்தான் செய்தான் என்று எழுதுங்கள். அந்தக் காகிதத்தை மேடத்திடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அவளுக்குத் தெரிந்ததா என்று கேட்கிறீர்கள். தெரியாது. நான் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு தடவை குரல் கொடுத்தாள். நாக்குக் குழறியது. "தலை சுத்துது மாமா. வெளி ஜிப்பு தொறந்துதான இருக்கு?" என்றாள். "தொறந்துதான் இருக்கு, நீ தூங்கு" என்றேன். "சரி மாமா" என்று பேசாமல் படுத்துக்கொண்டாள். கைக்கெட்டும் தூரம்தான், எழுந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. நான் ஒன்று சொன்னால் அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை ஐயா. அந்த மாதிரி ஜோடி நாங்கள்.