மாதிரி டிராமின் ஒரே ஓட்டம்

டிராமுக்கு ஸ்டியரிங் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். வெள்ளோட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது அதைத்தான். தண்டவாளம் போகிற பக்கம் வண்டி போகும். ஓட்டுகிறவன் கையில் வேகமும் பிரேக்கும் மட்டும்.

தக்கலையில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் குடும்பம் எங்களுடையது. வடக்கே ஒரு நகரத்தில் டிராம் விடப்போகிறார்கள் என்று தெரிந்து, மாதிரிக்கு ஒன்று செய்தோம். அந்த ஒன்றுதான். வரைந்தது என் மருமகள் ஜெப்சி. வெளியே என் மகன் ஸ்டெனியின் பெயரைச் சொன்னோம். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. பட்டறைக்குப் பின்னால் குளக்கரை வரை சரிவாகத் தண்டவாளம் போட்டோம்.

வெள்ளோட்டத்தை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்டிருந்தோம். இந்த முறை நகரத்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் என் பங்காளி ராஜையன் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்: "என்னவே, வண்டி ஓடுமா, இல்ல இந்த வாட்டியும் கேக்கு தின்னுட்டுப் போணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

ஸ்டெனி தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறியிருந்தான். ஜெப்சி கீழே ஷெட்டில், கம்ப்யூட்டரில் பிரேக்கின் காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போனில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"மாமா, பிரேக்குல காத்து நிக்கல்ல. வண்டிய எடுக்கப்பிடாது. அவங்கள வண்டீலருந்து கீழ எறக்குங்க."

"சரி மக்கா" என்றேன்.

காற்று நிற்காத பிரேக் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சரிவு சிறியது, ஸ்டெனி கெட்டிக்காரன். சிரிப்பும் இன்னும் அடங்கியிருக்கவில்லை. பச்சைக் கொடியை அசைத்தேன்.

ஜெப்சி ஷாலை வீசிக்கொண்டு மேட்டில் ஓடி வந்தாள். சந்தோஷத்தில் வருகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டி அவளைத் தாண்டிப் போனது. ஸ்டெனியைக் குளத்திலிருந்து எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அவள்தான் போனில் கிளம்பச் சொன்னாள் என்று அன்று உங்களிடம் சொன்னேன். எங்கள் கையால் செய்த வண்டி கெட்டது என்பதைவிட, வெளியிலிருந்து வந்த பெண் பிழை செய்தாள் என்பது குடும்பத்துக்குத் தாங்கும்படி இருந்தது. அவள் இல்லை என்று அழுதாள். என் வார்த்தைக்கு மேல் யாரும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் அவளைக் கைது செய்தீர்கள். ஜாமீனில் வந்து இராஜாக்கமங்கலத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். ஸ்டெனியின் பிள்ளையை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

ஸ்டெனியின் போன், அதில் பேசுவதையெல்லாம் தானாகவே பதிவு செய்யும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போட்டுக் காட்டிய குரல் என்னுடையதுதான். அவள் சொன்னாள், நான் கேட்டேன், மகனிடம் சொல்லவில்லை. அசதியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஜெப்சியிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் வீட்டுக்கு வரலாம். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.