நூல் அறும் இடம்

தைவானில் எங்கள் கீலுங் துறைமுகத்தில் மழையை யாரும் பொருட்படுத்துவதில்லை. பல் குழியை அடைக்கும் சிமெண்டைக் கலக்குகிறவளுக்கு மட்டும் அதுதான் முதல் கவலை. கண்ணாடிப் பலகையைக் குளிர வைத்தால்தான் கலவை அவசரப்பட்டு இறுகாது. அதிகம் குளிர்ந்தால் ஈரக்காற்று பட்டுப் பலகை வியர்த்துவிடும், அந்த ஒரு துளியே கலவையைக் கெடுத்துவிடும். இன்ஸ்பெக்டர், இதெல்லாம் உங்களுக்குப் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் புருஷனுக்கே புரிந்ததில்லை.

அவர் பல் டாக்டர் கூ. குடைவது அவர் வேலை. குடைந்துவிட்டுத் தலையைத் திருப்பாமல் கையை நீட்டுவார், அதில் கலவையை வைப்பது நான். முப்பத்தொரு வருஷம். என்னை 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டு மீன் உருண்டை கொடுத்தனுப்பும் இந்த ஊருக்குத் தெரியாது, அவர்கள் வாயில் தங்கியதெல்லாம் என் கைவேலை என்று.

தூளை நான் அளந்ததே இல்லை. திரவத்தில் சிட்டிகை சிட்டிகையாகத் தள்ளிக் கலவைக் கத்தியால் குழைத்து, கத்தியைத் தூக்கிப் பார்ப்பேன். கலவை நூலாக எழும்பி ஒரு விரல் அகலத்தில் அறுந்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் நீர்த்திருக்கிறது. அதை அடைத்தால் நாளாவட்டத்தில் கரையும், உள்ளே சீழ் கோக்கும்.

போன வருஷம் சுயி-லியென் என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார்.

"உனக்குக் கண்ணு மங்கிடுச்சு, கலவை தண்ணியா வருது. திங்கள், செவ்வாய், புதன் அந்தப் பொண்ணு கலக்கட்டும், மத்த நாள் நீ. கரண்டியால அளந்து போடுறா, தப்பே வராது," என்றார், சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

கரண்டி. சலவைத்தூள் டப்பாவிலும்தான் ஒரு கரண்டி கிடக்கிறது.

அவளுடைய அளவுக் கரண்டியின் விளிம்பை அரத்தால் ராவினேன். தினம் கொஞ்சமாக, ஏழு வாரம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆறில் ஒரு பங்கு தூள் குறையும். அடைத்தது நாலு பேருக்கு விழுந்தால் அவளைத் துரத்திவிடுவார் என்பது கணக்கு. ஒன்பது பேருக்கு விழுந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். யாருக்காக? பாக்கை மென்றுகொண்டே வந்து என் தொட்டியில் சிவப்பாகத் துப்புகிற ஜனங்களுக்காகவா?

மீன் ஏலம் விடுகிறவன் லியா, அவனும் அந்த ரகம்தான். "டாக்டரம்மா, இந்தத் தடவை அந்தச் சின்னப் பொண்ணையே கலக்கச் சொல்லுங்க. நீங்க போட்டது நூடுல்ஸோட உள்ள போயிடுச்சு," என்று காத்திருந்தவர்கள் முன்னால் சிரித்தான். மாடு மாதிரி மென்றால் எதுதான் நிற்கும். அவன் வந்தது செவ்வாய்க்கிழமை. சரி, அவளே கலக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்தில் தாடை வீங்கியது, பிறகு கழுத்து, பிறகு மூச்சு அடைத்துச் செத்தான். வருத்தப்பட்டேனா என்று கேட்டால், மீன் சந்தையில் இப்போது கொஞ்சம் அமைதி இருக்கிறது.

சுயி-லியெனைப் பிடித்து வைத்தீர்கள். நான் வந்தது அவள்மேல் இரக்கப்பட்டு இல்லை. பேப்பரில் 'கவனக்குறைவு' என்று போட்டிருந்தது. ஏழு வாரம் அளந்து அளந்து ராவியதற்குப் பெயர் கவனக்குறைவா?

இப்போது எதற்கு எங்கள் கிளினிக் பதிவேட்டை என் பக்கம் தள்ளுகிறீர்கள்?

"டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமை லியாவுக்குக் குடைஞ்சு, பஞ்சு வெச்சுத்தான் அனுப்பியிருக்காங்க. அடைச்சது வெள்ளிக்கிழமை. விழுந்த ஒம்பதும் வியாழன், வெள்ளி, சனியில அடைச்சதுதான். அந்தப் பொண்ணும் இன்னிக்குக் காலையிலதான் வாயைத் திறந்தா. கரண்டி குறையா அளக்குதுன்னு மொதல்லயே தெரிஞ்சுதாம். கத்தியைத் தூக்கி நூல் பாத்து, தூளைச் சேத்துக்கிட்டாளாம். நீங்க செய்யறதைப் பாத்துக் கத்துக்கிட்டாளாம்," என்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை கலக்குவது நான்தான். பதிவேடு எழுதுவது என் புருஷன், அவருக்கு நாள் கிழமை எதுவும் நினைவிருக்காது. ஒன்பதையும் மாற்றித்தான் எழுதியிருப்பார்.

பேனாவைக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிற கோடு எங்கே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள். கரண்டியை ராவி லியாவைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள். என் கலவை நீர்த்திருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.