ஏழு பேரில் நடுவில் நின்றவர்

ஒரு படத்தின் நடுவைக் கண்ணால் சரியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலானோர் கொஞ்சம் மேலே காட்டுவார்கள். நானும் அப்படித்தான். அதனால் கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். கணினியில் படம் முழுவதையும் தெரிவு செய்து, அளவு மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் நடுவில் ஒரு சிறிய குறி தோன்றும். மேலிருந்து ஒரு கோடு, பக்கத்திலிருந்து ஒரு கோடு இழுத்து வந்தால், குறியை நெருங்கும்போது அவை தாமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு யாரும் வாதாட முடியாது.

காணாமல்போன மகனைத் தேடிச் சீதேவிப்பிள்ளை அம்மா கொடுத்த மனுவோடு நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதில் ஒட்டியிருக்கும் அவர் மகன் வினாயகமூர்த்தியின் படம் எங்கள் கடையில் எடுத்ததா என்று கேட்டீர்கள். ஆம். எடுத்தவர் முதலாளி. வெட்டி ஒழுங்குபடுத்தியவள் நான். மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன்.

நான் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவள். ஊர் பனிச்சங்கேணி. ஆசிரிய நியமனம் கிடைக்கும்வரை என்று ஓட்டமாவடியில் முதலாளி முகைதீன்பாவாவின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானும் அவரைக் காக்கா என்பேன். அடையாள அட்டைப் படங்களில் முகத்தை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. வருகிறவர்களோடு பேச எனக்குக் கூச்சம். "என்ன புள்ள, அந்தக் கொம்பியூட்டரோடயாச்சும் கதைப்பியா?" என்று காக்கா கேட்பார். "அதுக்கும் வாய் இல்ல, உனக்கும் வாய் இல்ல. நல்ல சோடிதான்."

2006 சித்திரையில் எங்கள் ஊர்க் கழகம் கரப்பந்தில் வென்றது. காக்கா வந்து படம் எடுத்தார். ஏழு பேர் ஒரே வரிசையில் நின்றார்கள். நடுவில், இடமிருந்து நான்காவதாக, என் அண்ணன் தங்கராசா. அவருக்கு முன்னால் புல்லின் மேல் வெற்றிக் கிண்ணம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கழக மண்டபத்தில் மாட்டினார்கள். வருடக் கடைசியில் ஷெல் விழுந்து மண்டபம் போனது. ஊர் முழுவதும் அகதி முகாம்களுக்கு வந்தது. படம் எங்கள் கடைக் கணினியில் மட்டும் மிஞ்சியது.

அடுத்த மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். பாதி இறக்கியிருந்த கதவுக்குக் கீழே குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். நல்ல தமிழ் பேசினார். எந்தத் தரப்பு என்று நான் கேட்கவில்லை.

"தங்கச்சி, பனிச்சங்கேணி கிளப் கப் எடுத்த படம் இஞ்சதானே எடுத்தது?"

தலையாட்டினேன்.

"அதில நடுவில நிக்கிறவன். கப்புக்குப் பின்னால. அவன்ட முகம் மட்டும் தனியாப் பெரிசா வேணும். முழுப் படத்திலயும் ஒண்டு அடியுங்க."

"பேர்?" என்றேன்.

"பேர் தெரிஞ்சா நான் ஏன் உங்களிட்ட வாறன்?" என்று சிரித்தார். "மண்டபத்தில படத்தைப் பாத்தவன் இவ்வளவுதான் சொன்னவன். அவன் இப்ப இல்ல. ஆறுதலாச் செய்யுங்க, நான் இருக்கன்."

எதற்கு என்று சொல்லவில்லை. அந்த வருடம் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அண்ணன் இரண்டு முறை ஆட்களைத் தோணியில் ஏற்றி வாவிக்கு அக்கரையில் விட்டிருந்தார். வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். அதற்காகத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

உள்ளறையில் படத்தைத் திறந்தேன். குறி அண்ணனின் நெஞ்சில் விழுந்தது.

நடு என்பது ஆளைப் பொறுத்ததல்ல, ஓரங்களைப் பொறுத்தது. ஓரத்தில் ஒருவரை வெட்டினால் அது இரண்டு பேருக்கு இடையில் விழும். இருவரை வெட்ட வேண்டும். இடது ஓரத்தில் வெட்டினால் ஐந்தாவது ஆள் நடுவுக்கு வருவார். வலது ஓரத்தில் வெட்டினால் மூன்றாவது ஆள். ஐந்தாவது ஆளுக்கு மூன்று அண்ணன்மார், ஒருவர் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். அவர்கள் தேடுவார்கள், எழுதுவார்கள், கொழும்புக்குப் போவார்கள். மூன்றாவதாக நின்றவர் மூர்த்தி. அவருக்குத் தாய் சீதேவிப்பிள்ளை அம்மா மட்டும். மூர்த்தி ஒரு நாளும் தோணியில் யாரையும் ஏற்றியதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வலது ஓரத்தில் வெட்டினேன்.

கிண்ணம் இன்னும் அண்ணனுக்கு முன்னால் இருந்தது. அதைத் தனியாகப் பிரித்துப் புதிய நடுக்கோட்டுக்கு இழுத்தேன். ஒட்டிக்கொண்டது. அது இருந்த இடத்தைப் பக்கத்துப் புல்லால் மூடினேன். நிழலைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஏழு பேரில் ஒருவர் எப்படியும் போகத்தான் போகிறார், எண்ணிக்கையை நான் மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் இருபது நிமிட வேலை.

வந்தவர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல துப்புரவா இரிக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலை மூர்த்தியை முகாமிலிருந்து கொண்டுபோனார்கள். தண்ணீர் பவுசர் வண்டிக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அண்ணன் அடுத்த மாதம் கட்டாருக்குப் போனார். தொலைபேசியில் முதலில் மூர்த்தியைப் பற்றித்தான் கேட்பார். சில வேளை அழுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பங்குனியில் சீதேவிப்பிள்ளை அம்மா கடைக்கு வந்தார்.

"மகன்ட படம் ஒண்டும் மிஞ்சல்ல புள்ள. எல்லாம் ஊரோட போயித்து. மனுவில ஒட்டோணுமாம். இஞ்ச பழைய படம் ஏதும் கிடக்குமா?"

ஒரு நிமிடத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கெண்டே வெட்டி வெச்ச மாதிரி இரிக்கே. இவ்வளவு கெதியா எப்பிடிகா எடுத்தாய்?"

அவர் என் கன்னத்தைத் தடவினார். "நீ நல்லா இரிக்கோணும்" என்றார். அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். படம் கசங்கிவிட்டது என்பார். புதிதாக ஒன்று அடித்துக் கொடுப்பேன். இது இரண்டாவது வருடம்.

இவ்வளவுதான் நடந்தது. நான் ஒரு படத்தின் இரண்டு ஓரங்களில் ஒன்றை வெட்டினேன். மீதியைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் எழுதுங்கள். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் போகும்முன் கதவடியில் நின்று, "ஆளைத் தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டியிருக்கலாம். நான் பெயரைச் சொன்னேன். முகாமைச் சொன்னேன். கூடாரத்தின் இலக்கத்தை அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அந்த முகாமில் வினாயகமூர்த்தி என்று இன்னொருவரும் இருந்தார், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பிழையான ஆளைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.