கொடுத்தால் குற்றமில்லை

காபி நன்றாக இருக்கிறது. இரண்டு கரண்டி சர்க்கரை. மறக்காமல் போட்டிருக்கிறீர்கள். என் வீட்டுச் சமையலறையில் எத்தனை காலை இப்படிக் கலக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அப்போதெல்லாம் உங்களை 'வாடா கர்ட்டிஸ்' என்றுதான் கூப்பிடுவேன். இப்போது உங்கள் சட்டையில் வேறு பெயர் குத்தியிருக்கிறது. புதிய மனிதர்களை 'நீங்கள்' என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மைத்துனன் ஆர்னோ எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கறியிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

எங்கள் ஊரான கோர்ப்பியில் செப்புச் சுரங்கம் மூடிய பிறகு கடையில் மாட்டிறைச்சி வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். நவம்பர் வந்தால் காட்டுக் குடிசைக்குப் போவோம், நானும் ஆர்னோவும். அடிக்கிற மானில் நாங்கள் தின்றது போக மிஞ்சும். மிஞ்சியதைக் கொடுக்கலாம். விற்கக் கூடாது. அதே மானின் தோலை விற்கலாம், கறியை மட்டும் கூடாது. ஏன் என்று எனக்குத் தெரியும். என் தாத்தாவின் அப்பா காலத்தில் சந்தைக்கென்றே சுட்டுச் சுட்டு இந்தக் காடுகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். அதனால் வந்த சட்டம். நல்ல சட்டம்தான். நான் அதற்கு எதிரி இல்லை.

முதலில் கொடுக்கத்தான் செய்தேன். சுரங்கத்தில் கால் போன கிழவர் விர்த்தனென் வீட்டு வாசலில் ஒரு தொடையோடு நின்றேன்.

“சும்மா வாங்கித் திங்க நான் என்ன பிச்சைக்காரனா?” என்று கதவைச் சாத்தப் போனார்.

“சரி, காசு குடுங்க” என்றேன்.

கதவு நின்றது. “காசுக்குன்னா உள்ளே வா. எலும்பைக் கட்டி ஏமாத்திடாதே. எடை பாத்துத்தான் வாங்குவேன்.”

இதுதான் தொடக்கம். கொடுத்தால் அவருக்கு அவமானம். விற்றால் எனக்குக் குற்றம். யாராவது ஒருவர் சுமக்க வேண்டும் என்றால் வயதில் சின்னவன் சுமப்பதுதான் முறை. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

பிறகு இன்னும் சில வீடுகள் வந்தன. அதற்குப் பிறகு ஏரிக்கரையில் கோடைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியின் சமையல்காரர் வந்தார். அவர் நிறையக் கேட்டார். மிச்சம் போதவில்லை. மிச்சம் வருவதற்காகவே சுட வேண்டியதாயிற்று. பருவத்துக்கு வெளியிலும், இரவில் மானின் கண்ணில் விளக்கு அடித்தும். இது மெதுவாக நடந்தது. ஒரே நாளில் நடந்திருந்தால் நானே கவனித்திருப்பேன்.

ஆர்னோவுக்குப் பிடிக்கவில்லை. அவன் என் மனைவி ஐலாவின் தம்பி. வாயாடி.

“மச்சான், மிச்சம்னா தட்டுல மிஞ்சறது. நீ மிஞ்சணும்னே சுடறே.”

“தட்டைக் கொஞ்சம் பெருசா மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான்.”

“உன் தட்டு இப்போ விடுதி அளவுக்கு ஆயிடுச்சு. ஒருநாள் அதுலயே உன்னை வெச்சுப் பரிமாறப் போறானுங்க, பாரு.”

ஆனாலும் உதவினான். கார் கொட்டகையில் இருந்த குளிர்பெட்டி நிரம்பியதும் இன்னொன்று வாங்கினேன். அதை உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறையில் பலகைச் சுவருக்குப் பின்னால் இறக்கி, முன்னால் மூட்டைகளை அடுக்கினோம். இறக்கும்போது அவன் விரல் நசுங்கி நகம் போனது. அந்தப் பெட்டி இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஐலாவுக்குக்கூடத் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில்தான் உங்கள் மரலாரி என் வீட்டு முன்னால் பனியில் சிக்கியது. டிராக்டரால் இழுத்துவிட்டேன். உள்ளே கூப்பிட்டேன். ஐலா சுட்ட இறைச்சிப் பணியாரத்தில் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். அவளுக்கு உங்களைப் பிடித்துப்போனது.

பிறகு சனிக்கிழமை தவறாமல் சவுனா, எங்கள் நீராவிக் குளியல். ஊரில் உங்களை யாருக்கும் தெரியாது என்று ஆர்னோ முணுமுணுத்தான். “அவன் நம்மகூட சவுனாவுல உக்காந்தவன்டா” என்று அவன் வாயை அடைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் சான்று வேண்டாம். அந்த மரக்குடிலுக்குள் போகும்போது உடுப்போடு பொய்யையும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவோம். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்துகொண்டே மனதில் இருப்பதைப் பேசுவோம். பேசியதை வெளியே கொண்டுவர மாட்டோம். பனியில் உருண்டு எழுந்தால் அது பேசாததாகிவிடும். அண்ணன் தம்பி சண்டை, பெண்டாட்டி மேல் குறை, எல்லாம் அங்கேயே ஆவியாகிவிடும். என் அப்பா அப்படி. அவருடைய அப்பாவும் அப்படி.

உங்கள் அம்மாவின் வியாதியை நீங்கள் அங்கேதான் சொன்னீர்கள். சொல்லும்போது குரல் உடைந்தது. உங்கள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரம் சமையலறையில் கேட்டீர்கள். “அம்மாவுக்கு மான்கறி மேல ஆசை, மெல்வின்.”

முதுகுச் சதையை வெட்டிக் கட்டிக் கொடுத்தேன். “எடுத்துட்டுப் போடா.”

“காசு வாங்கிக்கோ. இல்லேன்னா கிழவி வாயில வெக்க மாட்டா. பிடிவாதக்காரி.”

விர்த்தனென் நினைவு வந்தது. நீங்கள் மேசையில் வைத்த பணத்தை நான் தொடவில்லை. ஐலாதான் எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டாள். நீதிமன்றத்தில் அந்தத் தாள்களின் எண்களை வாசித்தார்கள். உங்கள் அம்மா நீங்கள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. விற்றேனா இல்லையா என்பது எனக்குப் பெரிதில்லை. சவுனாவில் ஒரு மனிதன் பொய் சொல்ல முடியும் என்பதை எனக்கு இந்த வயதில் கற்றுக்கொடுத்தீர்கள்.

ஆனால் அது உங்கள் வேலை. சம்பளம் வாங்குகிறீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை.

சோதனைக்கு வந்த அன்று உங்கள் வனத்துறை ஆட்கள் கார் கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே நிலவறைக்குப் போனார்கள்.

“அங்கே என்ன இருக்கு? உருளைக்கிழங்குதானே?” என்று ஐலா பின்னாலேயே ஓடினாள்.

மூட்டைகளை நகர்த்தினார்கள். பலகையைக் கழற்றினார்கள். ஐலா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. தாத்தாவின் துப்பாக்கி போயிற்று. ஆயுளுக்கும் வேட்டை உரிமம் கிடையாது. தேவாலயத்தில் என் வரிசையில் இடம் தாராளமாகக் கிடைத்தது. விர்த்தனென் மட்டும் வந்து, “நீ என்மேல பிரியத்துல குடுக்கறேன்னு நெனச்சேன். நானும் உன் கடையில ஒரு கணக்குத்தானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வருடம் முழுவதும் ஒன்றைத்தான் யோசித்தேன். பெட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் சொல்லவில்லை. மிச்சம் யார்? சாதாரணக் கழித்தல்தான். ஐலாவுக்குத் தெரிந்திருந்தால் சந்தேகம் பிரிந்திருக்கும். ஆர்னோவின் நல்ல நேரம் அப்படி அமையவில்லை.

நவம்பரில் அவனே வந்து கூப்பிட்டான். “கிளம்பு மச்சான். துப்பாக்கி இல்லேன்னா என்ன, சூப் வைக்க ஆள் வேணும். உன் சூப்பைக் குடிச்சு இதுவரைக்கும் யாரும் சாகலையே.”

குற்ற மனசு என்று நினைத்தேன். போனேன்.

காலையில் ஒரு கொம்பு மான் கிடைத்தது. ஆர்னோவின் குண்டு கொஞ்சம் பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. மான், பீவர்கள் மரத்தைக் கடித்துப்போட்டு அணைகட்டிய குளத்தின் கரையைச் சுற்றிக்கொண்டு தேவதாருச் சதுப்புக்குள் ஓடியது. நான் மேட்டில் நின்றேன், எல்லாம் தெரிந்தது. ஆர்னோ கீழே இருந்து வந்தான், அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

“எந்தப் பக்கம் போச்சு?”

“நேரா. குளத்துக்கு அந்தப் பக்கம்.”

“ஐஸ் தாங்குமா மச்சான்?”

“நேத்து நான் நடந்தேனே.”

நான் நடக்கவில்லை. அந்தக் குளத்தின் நடுவில் ஊற்று இருக்கிறது. அங்கே பனிக்கட்டி ஜனவரியில்கூடச் சரியாகப் பிடிக்காது. என் அப்பா எனக்குக் காட்டியது. ஆர்னோவுக்கு நான் காட்டியதில்லை. அவன் பாரம் குறைக்க, துப்பாக்கியையும் முதுகுப்பையையும் கரையில் வைத்துவிட்டு நடந்தான். ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வார்த்தையை அப்படி நம்பினான். நம்பிக்கை உடைந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம்.

உடைந்தது. தலையும் கைகளும் மேலே இருந்தன. என் தோளில் மானை இழுக்கிற கயிறு இருந்தது. நல்ல நீளமான கயிறு.

“கயிறு, மச்சான்” என்றான். கத்தவில்லை.

“கிழங்கு நிலவறையைப் பத்தி யார்கிட்டே சொன்னே?” என்று கேட்டேன்.

“என்னது?”

“பெட்டியைப் பத்தி.”

“யார்கிட்டேயும் சொல்லலை. ஐலா மேல சத்தியம். போடு மச்சான், கை மரத்துப் போகுது.”

மறுபடியும் கேட்டேன். அதே பதில். அந்த நேரத்திலும் ஒரு மனிதன் பொய் சொல்கிறானே என்று வருத்தமாக இருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது பதில் வரவில்லை.

அதன்பிறகு கரையைச் சுற்றிப் போய் இரத்தத் தடத்தைப் பிடித்தேன். தடம் நெடுக நடந்தேன். மான் ஒரு வேரடியில் படுத்திருந்தது, உயிர் இருந்தது. கத்தியால் முடித்தேன். காயம்பட்ட உயிரைத் தவிக்க விட்டுவிட்டு வந்தவன் என்று இந்த ஊரில் என்னை யாரும் சொல்ல முடியாது. ஆர்னோவின் பையிலிருந்து அவனுடைய உரிமச் சீட்டை எடுத்து மானின் காலில் கட்டினேன். சீட்டு கட்டாத மானை நகர்த்துவது குற்றம். மாட்டிக்கொண்ட பிறகு நான் சட்டத்தில் கவனமாக இருக்கிறேன்.

போலீஸ் அதிகாரி ஷெரிப்பிடம், குடிசையில் சூப் வைத்துக்கொண்டிருந்தேன், ஆளைக் காணவில்லை என்று தேடிப்போனேன், மானைத் துரத்திப் போய்க் குளத்தில் விழுந்திருக்கிறான், என்று சொன்னேன். நம்பினார். சூப்பும் அடுப்பில் இருந்தது.

அந்த மானின் கறி முழுவதையும் ஆர்னோவின் மனைவி ஹெல்விக்குக் கொடுத்தேன். அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். கறி பஞ்சுபோல் இருந்தது என்று விர்த்தனென்கூடச் சொன்னார். ஒரு காசு வாங்கவில்லை. நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். கொடுத்தால் குற்றமில்லை.

தோலை எடுத்துப்போக ஹெல்வி என் கொட்டகைக்கு வந்தபோதுதான் சிக்கல். அந்தச் சீட்டு காலோடு ஆணியில் தொங்கியது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஆர்னோவோட சீட்டு. மானைத் துரத்திப் போறப்போதானே தண்ணியில விழுந்தான்?”

“ஆமா.”

“மான்கிட்டே போய்ச் சேரவே இல்லையே. அப்ப இதைக் கட்டினது யாரு, மெல்வின்?”

தோலை எடுக்காமலே போனாள். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நல்ல பெண். அவள் மேலும் எனக்கு வருத்தமில்லை.

இவ்வளவுதான் நடந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஐஸ் தாங்காது என்று தெரிந்தே அவனை அனுப்பினேன். கயிறு கையில் இருந்தும் போடவில்லை.

இப்போது நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். அந்தப் பெட்டியைப் பற்றி ஆர்னோ உங்களிடம் மூச்சுக்கூட விடவில்லை என்கிறீர்கள். முதல் குளிர்காலத்தில் நானேதான் சொன்னேன் என்கிறீர்கள். எனக்கு நினைவிருக்கிறது, மறுக்கவில்லை. நீங்கள் கல்லில் தண்ணீர் ஊற்றினீர்கள். நான் சிரித்துக்கொண்டே, “என் பொண்டாட்டிக்கே தெரியாத கிழங்கு ஒண்ணு நிலவறையில பலகைக்குப் பின்னாலே இருக்குடா” என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

ஆனால் அது சவுனாவில் சொன்னது. அங்கே சொன்னது சொன்னதாகாது, கர்ட்டிஸ். உனக்குத்தான் தெரியுமே. அதனால் சொன்னது ஆர்னோதான்.